நெஞ்சுவலி ஒத்திகையும் பரிசம் போட்ட மாப்பிள்ளையும்

பெரிய டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேலை அம்புட்டுதான்.

அப்ப நான் மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில குவாலிட்டி ஆபீசர். செல்போன்ல பட்டன் இருந்த காலம். பேரைக் கேட்டுட்டு ஏதோ பெரிய பதவின்னு நினைச்சுராதீங்க. ஃபைலைத் தூக்கிக்கிட்டு டாக்டருங்க பின்னாடி ஓடுற ஆளுக்கு ஆஸ்பத்திரியில அப்படி ஒரு பேரு வச்சிருந்தாங்க. டை வேற கட்டச் சொல்லிருந்தாங்க. ஆனையூர் பஸ்ல என்னைப் பாக்குறவங்க மருந்து கம்பெனி ஆளுன்னு நினைச்சு தலைவலிக்கு மாத்திரை கேப்பாங்க.

நான் ஓடுனது பாத்வேங்கிற தாளுக்காக. நெஞ்சுவலின்னு ஒருத்தர் உள்ள வந்தா யார் முதல்ல பாக்கணும், ஈசிஜி எப்ப எடுக்கணும், எந்த மாத்திரையைக் குடுக்கணும், பெரிய டாக்டரை எப்பக் கூப்பிடணும், இதெல்லாம் வரிசையா எழுதி வச்சிருக்கிறதுதான் பாத்வே. ஒவ்வொரு வியாதிக்கும் ஒண்ணு உண்டு. வருஷா வருஷம் அதை எடுத்துப் படிச்சு, பழசானதைத் திருத்தி, அந்தந்த டாக்டர்கிட்ட மறுபடியும் ஒப்புதல் கையெழுத்து வாங்கணும். அடுத்த வாரம் வெளியூர்ல இருந்து ஆஸ்பத்திரியைச் சோதனை பண்ண ஒரு குழு வருது. கையெழுத்து இல்லாத தாள் ஒண்ணு சிக்குனாலும் என் வேலை காலி.

மத்த டாக்டருங்க தங்கம். வராண்டாவுல நடந்துக்கிட்டே என் முதுகுல தாளை வச்சுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க. எலும்பு டாக்டர் ஒரு தடவை தாளைத் தாண்டி என் சட்டையிலயும் பாதியைப் போட்டுட்டார். அந்தச் சட்டையை நான் ரொம்ப நாள் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

இருதய டாக்டர்தான் எங்களுக்குப் பெரிய டாக்டர். அவரு படிக்காம கையெழுத்துப் போட மாட்டார். படிக்க அவருக்கு நேரமும் கிடையாது. ஒருவழியா ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டே படிச்சார். படிச்சு முடிச்சுட்டு, நல்லாத்தான் எழுதிருக்க, ஆனா இதெல்லாம் நடக்குமான்னு எனக்குத் தெரியல, ஓட்டிப் பாத்துட்டு வா, அப்பறம் போடுறேன்னுட்டார்.

ஓட்டிப் பாக்குறதுன்னா ஒத்திகை. யாராவது ஒருத்தர் நெஞ்சுவலிக்காரர் மாதிரி உள்ள வரணும். தாள்ல இருக்கிறபடி எல்லாம் நடக்குதான்னு ஒரு சின்ன டாக்டர் கடிகாரத்தை வச்சுக் குறிச்சுக்குவார்.

லிஃப்ட் ஆபரேட்டரைக் கேட்டேன். பிள்ளைகுட்டிக்காரனைப் போயி நெஞ்சுவலின்னு படுக்கச் சொல்றீங்களே சார்னு கையெடுத்துக் கும்பிட்டார். கேன்டீன் மாஸ்டர் வயித்துவலின்னா வாரேன், நெஞ்சுவலிக்கு ஆகாதுன்னார். அவரு சமையலுக்கு வயித்துவலிதான் பொருத்தம், அது வேற விஷயம். கடைசியில நானே படுக்கிறதுன்னு முடிவு பண்ணேன். பள்ளிக்கூட நாடகத்துல நான் மரமா நின்னவன். வசனம் பேச ஒரு வாய்ப்பு வராதான்னு அப்ப இருந்தே ஒரு ஏக்கம்.

போதாக்குறைக்கு அந்தத் தாள்ல நானே புதுசா சில வரி சேர்த்திருந்தேன். திருத்தினேன்னு காட்டணும்ல. நோயாளியோட செல்போன், வாட்ச், மோதிரத்தை எல்லாம் வாங்கி வச்சுரணும். பெரிய டாக்டர் நேர்ல வந்து பாக்குற வரைக்கும் நோயாளியைக் கட்டிலை விட்டு இறக்கக் கூடாது. நோயாளியைப் பத்தி சொந்தக்காரங்ககிட்ட பெரிய டாக்டர் மட்டும்தான் பேசணும். எழுதுறப்ப எனக்கே என்னை நினைச்சுப் பெருமையா இருந்துச்சு.

இங்க என் வீட்டு நிலவரத்தையும் சொல்லிரணும். எனக்கு அப்பத்தான் பரிசம் போட்டிருந்தாங்க. பொண்ணு பேரு தேன்மொழி, ஊரு பரவை. அவங்க அப்பா பரவை மார்க்கெட்ல காய்கறி மண்டி வச்சிருக்கார். கத்திரிக்காயை மேலாப்ல பாத்தே உள்ள புழு இருக்கான்னு சொல்ற மனுஷன். என்னையும் அப்படித்தான் பாத்தார். எங்க அப்பா நெஞ்சுவலியில போனவர்னு தெரிஞ்சதும், பையனுக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்லையேன்னு ஆள் விட்டு விசாரிச்சார். திருப்தி ஆன பிறகுதான் தட்டு மாத்துனார். தை மாசம் கல்யாணம்.

இந்த நேரத்துல நெஞ்சுவலிங்கிற வார்த்தையை வீட்ல சொன்னாலே அம்மா துடைப்பத்தை எடுத்துரும். அதனால ஒத்திகையைப் பத்தி நான் மூச்சே விடல. ரொம்ப புத்திசாலித்தனமா நடந்துக்கிறதா நினைப்பு.

காலையில ஆஸ்பத்திரி வாசல்ல, ஆட்டோ நிக்கிற இடத்துல இருந்தே ஆரம்பிச்சுட்டேன். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு எட்டு வச்சேன். ஒரு முனகல் போட்டேன். செக்யூரிட்டி தள்ளுவண்டியோட ஓடி வந்தார். பக்கத்துல நின்ன ஒரு அம்மா, ஐயோ பாவம், சின்ன வயசுன்னு உச்சுக் கொட்டுச்சு. அம்புட்டுதான், எனக்கு உற்சாகம் தாங்கல. தேவையே இல்லாம இன்னொரு முனகலைப் போட்டு கண்ணையும் மேல சொருகிக்கிட்டேன்.

உள்ள கொண்டுபோய்க் கட்டில்ல போட்டு, மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து ஆக்சிஜன் மாட்டிட்டாங்க. கதவுப் பக்கம் யாரோ செந்திலு, செந்திலுன்னு கூப்பிடுற சத்தம். திரும்புனா எங்க தெரு ஆட்டோ மணி அண்ணன். யாரையோ இறக்கிவிட வந்தவர், என்னை வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போறதைப் பாத்துட்டு பின்னாடியே ஓடி வந்திருக்கார். பேச முடியல. ஒண்ணுமில்லண்ணே, போங்கன்னு கையை ஆட்டுனேன். அவரு கண்ணு கலங்கிருச்சு. பதிலுக்கு அவரும் எனக்குக் கையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

அப்பவே எந்திரிச்சு ஓடிருக்கணும். ஆனா ரோஸ்மேரி சிஸ்டர் வந்துட்டாங்க.

ரோஸ்மேரி சிஸ்டர்தான் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மூத்த நர்ஸ். கை கழுவுற தாள்ல ஒரு கட்டம் விட்டுப்போச்சுன்னு போன மாசம்தான் நான் அவங்களுக்கு மெமோ குடுத்திருந்தேன். அதை அவங்க மறக்கலங்கிறது அவங்க சிரிப்பைப் பாத்தாலே தெரிஞ்சுச்சு. பாத்வேயைக் கையில வச்சுக்கிட்டு ஒரு வரி விடாம பண்ணுனாங்க. செல்போனை வாங்குனாங்க. வாட்சை வாங்குனாங்க. பரிசத்துக்குப் போட்ட மோதிரம் கழறல, சோப்புப் போட்டுக் கழட்டுனாங்க. முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுற ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிவிட்டாங்க. ஈசிஜி ஒட்டாதுன்னு நெஞ்சு முடியைச் செரைக்கச் சொன்னாங்க. ஒத்திகைதானே சிஸ்டர்னு கேட்டேன். தாள்ல இருக்கு சாருன்னாங்க. பாதி செரைச்ச பிறகு, இது போதும், ஒட்டுதுன்னு விட்டுட்டாங்க. மிச்ச பாதி அப்படியே இருந்துச்சு.

ஈசிஜி எடுத்தாச்சு. நெஞ்சுல வயரை மாட்டி, தலைமாட்டுல டிவி மாதிரி இருக்கிற மானிட்டரையும் ஓட விட்டாச்சு. அப்ப முடிஞ்சதுல்ல, இறங்கட்டுமான்னு மாஸ்க்கைத் தூக்கிக் கேட்டேன். சிஸ்டர் தாளை என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சாங்க. பெரிய டாக்டர் வந்து பாக்குற வரைக்கும் இறக்கக் கூடாதாம். நான் எழுதுன வரி. பெரிய டாக்டர் எங்கன்னு கேட்டேன். ஆபரேஷன் தியேட்டர்ல நிஜ நெஞ்சுவலிக்காரரைப் பாத்துக்கிட்டு இருக்காராம், எப்ப வருவார்னு தெரியாதாம்.

சரி, வீட்டுக்கு ஒரு போனாவது போட்டுக்கிறேன்னேன். அதையும் தாளைக் காட்டி முடிச்சுட்டாங்க.

படுத்திருந்தேன். மின்விசிறியை வேடிக்கை பாத்துக்கிட்டு கொஞ்சம் கண்ணசந்திருப்பேன். வெளிய ஒரு அழுகைச் சத்தம். யாருக்கோ என்னவோ ஆயிருச்சுன்னு நான் வேற மனசுக்குள்ள பரிதாபப்பட்டேன். கதவு திறந்துச்சு. எங்க அம்மா.

அம்மா பின்னாடி மணி அண்ணன். அவர் பின்னாடி எங்க தெரு. ஒருத்தர் கையில சாத்துக்குடி, ஒருத்தர் கையில பன் ரொட்டி, எதிர்த்த வீட்டு அக்கா ஒரு பிளாஸ்க்கையே தூக்கிட்டு வந்திருந்துச்சு. ஆஸ்பத்திரின்னா வெறுங்கையோட போகக் கூடாதுங்கிறதுல எங்க தெரு கறார்.

அம்மா வந்து என் காலைப் பிடிச்சுக்கிச்சு. நான் மாஸ்க்கைப் பிடுங்கிட்டு, அம்மா எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்னேன்.

அம்மா என்னைப் பாத்துச்சு. "உங்க அப்பாவும் இப்படித்தான்யா சொன்னாரு. ஒண்ணுமில்ல, வாயுதான், ஒரு சோடா வாங்கிட்டு வான்னாரு. நான் சோடாவை வாங்கிட்டு வாரதுக்குள்ள போயிட்டாரு."

அதுவரைக்கும் இது ஒரு வேடிக்கையாத்தான் எனக்கு இருந்துச்சு. எந்த வலியை நான் வாசல்ல இருந்து நடிச்சுக் காட்டிட்டு வந்தேனோ அதை அம்மா பக்கத்துல இருந்து பாத்திருக்கு. இது தோணாம போச்சேன்னு என் மேலயே எனக்கு ஆத்திரம் வந்துச்சு.

அம்மா, சத்தியமா இது நடிப்பு, ஒத்திகை, ஒரு தாள்ல கையெழுத்து வாங்குறதுக்காகப் படுத்திருக்கேன்னு படபடன்னு சொன்னேன். அம்மா மெதுவா எதிர்த்த வீட்டு அக்கா பக்கம் திரும்பி, புத்தி பேதலிச்சுப் பேசுதுடின்னுச்சு.

இங்க ஒண்ணைச் சொல்லணும். ஆஸ்பத்திரியில உண்மையைச் சொல்ற பழக்கம் எங்க பக்கம் கிடையாது. காலை எடுக்கப் போற ஆளுக்கும் சின்னக் கட்டிதான்னு சொல்லுவோம். உசுரு போயி ரெண்டு மணி நேரம் ஆன பிறகும் வெளியூர்ல இருக்கிற பையனுக்கு, அப்பாவுக்கு லேசா முடியல, கிளம்பி வான்னுதான் போன் போடுவோம். அதனால ஒண்ணுமில்லன்னு யாராவது சொன்னா போதும், சொந்தக்காரங்க ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பிருவாங்க.

ரோஸ்மேரி சிஸ்டர்கிட்ட எல்லாரும் போயி நின்னாங்க. சிஸ்டர் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, பெரிய டாக்டர் வந்துதான் சொல்லுவார், நாங்க எதுவும் பேசக் கூடாதுன்னாங்க. அதுவும் என் வரி. பேசக் கூடாத அளவுக்கு என்ன ஆச்சுன்னு கூட்டம் கலங்கிப்போச்சு. அம்மா சேலையை வாயில பொத்திக்கிட்டு உக்காந்ததைப் பாத்ததும் சிஸ்டருக்கே மனசு கேக்கல. தாளைக் கீழ வச்சுட்டு அம்மா தோளைப் பிடிச்சு, அம்மா, மாதா மேல சத்தியமா உங்க மகனுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க.

சிஸ்டரே சத்தியம் பண்ற அளவுக்குப் போயிருச்சான்னு எதிர்த்த வீட்டு அக்கா அழ ஆரம்பிச்சுச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் என் வருங்கால மாமனார் உள்ள வந்தார். சம்பந்திக்குச் சொல்லாம இருந்தா தப்பாயிரும்னு அம்மாவே மணி அண்ணனை விட்டுப் போன் போட வச்சிருக்கு. மண்டியில இருந்து வண்டியை எடுத்துட்டு அப்படியே வந்திருக்கார். சட்டையில வெங்காயத் தோல் ஒட்டியிருந்துச்சு.

அவரு அழல. கட்டில் பக்கத்துல நின்னு என்னை மேல இருந்து கீழ பாத்தார். மரியாதைக்கு எந்திரிச்சு நின்னேன். அங்கிக்கு முடிச்சு பின்னாடிங்கிறது மறந்துபோச்சு. எங்க தெருவே மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிச்சு. படுங்கன்னார். படுத்தேன். அவரு பார்வை அங்கி விலகித் தெரிஞ்ச என் பாதி செரைச்ச நெஞ்சுல நின்னுச்சு. உள்ள புழு இருக்கான்னு பாக்குறார்னு எனக்கு நல்லாவே தெரிஞ்சுச்சு.

மாமா, இது ஒத்திகைன்னேன். தலையை ஆட்டுனார். நம்பலங்கிறதுக்கும் அதே தலையாட்டல்தான்.

அப்பறம் சிஸ்டர் பக்கம் திரும்பி, "இந்தத் தம்பிக்கு எம்புட்டு நாளா இப்படி இருக்கு?"ன்னு கேட்டார்.

தம்பி! பரிசம் போட்ட நாள்ல இருந்து மாப்ள, மாப்ளன்னு கூப்பிட்ட மனுஷன். மாப்ள தம்பியானா என்ன அர்த்தம்னு எங்க ஊர்ல யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. மாத்துன தட்டு திரும்பி வரப்போகுது. பொண்ணு பாக்கப் போனப்ப காபி குடுத்துட்டு, சீனி போதுமான்னு தேன்மொழி கேட்டது ஞாபகம் வந்துச்சு. அந்தப் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. இந்தக் கல்யாணம் நின்னா நான் தாங்க மாட்டேன்னு அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டுத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு.

நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுருச்சு. இது நடிப்பு இல்ல, நிஜம். வயரு மாட்டியிருக்கே, அது சும்மா இருக்குமா? மானிட்டர் கீக் கீக்னு கத்துச்சு. சிவப்பு விளக்கு மின்னுச்சு. கடிகாரம் வச்சிருந்த சின்ன டாக்டர் பேனாவைப் போட்டுட்டு ஓடி வந்தார். சார், இதுவும் ஒத்திகையில இருக்கான்னு என் காதுல கேட்டார். இல்லன்னேன். அவரு மூஞ்சி வெளுத்துப்போச்சு. மாமனார் மானிட்டரைப் பாத்தார், சின்ன டாக்டரைப் பாத்தார், அப்பறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார்.

இப்பத்தான் பெரிய டாக்டர் வந்தார். தியேட்டர்ல இருந்து அதே பச்சை உடுப்போட நேரா வந்தார். கூட்டத்தை அவரு கண்டுக்கவே இல்ல. சின்ன டாக்டர்கிட்ட இருந்து தாளை வாங்கி மேல இருந்து கீழ படிச்சார். படிக்கப் படிக்க மூஞ்சி கடுகடுன்னு ஆச்சு.

"ஈசிஜி லேட்டு. மாத்திரை லேட்டு. என்கிட்ட சொன்னது எல்லாத்தையும் விட லேட்டு. இந்நேரம் ஆள் போயிருப்பான்."

எங்க அம்மா போட்ட சத்தத்துல பக்கத்து அறைக்காரங்க எல்லாம் எட்டிப் பாத்துட்டாங்க.

அப்பத்தான் பெரிய டாக்டர் நிமிர்ந்து கூட்டத்தைப் பாத்தார். சாத்துக்குடியைப் பாத்தார். பிளாஸ்க்கைப் பாத்தார். யார் இவங்கெல்லாம்னு என்னைக் கேட்டார். ஒவ்வொண்ணாச் சொன்னேன். வீட்ல சொல்லாம வந்து படுத்ததைச் சொன்னேன். கல்யாணத்தைச் சொன்னேன். இவர்தான் சார் மாமனார்னு கை காட்டுனேன்.

டாக்டர் பிடிச்சார் பாருங்க ஒரு பிடி. உனக்கு அறிவு இருக்கா, கல்யாணத்தை வச்சுக்கிட்டு வீட்ல ஒரு வார்த்தை சொல்லாம நெஞ்சுவலின்னு வந்து படுப்பியா, பெத்தவ என்ன பாடுபடுவான்னு யோசிச்சியா, உன்னையெல்லாம் யார் குவாலிட்டி ஆபீசர் ஆக்குனதுன்னு என் தெரு முன்னாடி, மாமனார் முன்னாடி, ரோஸ்மேரி சிஸ்டர் முன்னாடி வெளுத்து வாங்கிட்டார். ரோஸ்மேரி சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க. தோள் குலுங்குனது எனக்குத் தெரிஞ்சுச்சு.

அவரு திட்டத் திட்ட அம்மா அழுகை அடங்குச்சு. சேலையை வாயில இருந்து எடுத்துச்சு. நல்லாத் திட்டுங்கய்யா, இன்னும் திட்டுங்கன்னுச்சு. ஒண்ணுமில்லன்னு ஆறுதல் சொன்ன அத்தனை பேரையும் நம்பாத கூட்டம், டாக்டர் திட்டுனதும் நம்பிருச்சு. சாகக் கிடக்கிறவனை யாராவது திட்டுவாங்களா? எதிர்த்த வீட்டு அக்கா கண்ணைத் துடைச்சுட்டு பிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் டீ ஊத்துச்சு. எனக்கு மட்டும் தரல.

மாமனார் மட்டும் நாற்காலியை விட்டு அசையல. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், நெஞ்சுவலி பொய்யி, சரி. அந்த ஈசிஜி நிஜமா, அதுவும் பொய்யா?"

டாக்டர் முதல் தடவையா சிரிச்சார். ஈசிஜி நிஜம்தான், ஆள் நல்லாத்தான் இருக்கான், இப்ப அடிச்சுக்கிட்டது உங்களைப் பாத்த பயத்துலன்னார். மாமனார் விடல. வாய்ச்சொல் வேண்டாம் சார், தாள்ல எழுதிக் குடுங்கன்னுட்டார். டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு நான் பயந்தேன். அவருக்கு அந்தக் கறார் பிடிச்சுப்போச்சு போல. என்னைத் திரும்பப் படுக்க வச்சு, காதுல குழாயை மாட்டி நிதானமா சோதிச்சார். அப்பா எந்த வயசுல போனாருன்னு அம்மாகிட்ட விசாரிச்சார். இருதயத்தை ஸ்கேன் பண்ணியும் பாத்தார். அப்பறம் தன் தாள்ல எழுதி, கீழ நீட்டமா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். நான் மாசக்கணக்கா கெஞ்சியும் விழாத கையெழுத்து, பரவை மண்டிக்காரர் ஒரு வார்த்தை கேட்டதும் விழுந்துருச்சு.

மாமனார் அதைப் படிச்சார். மடிச்சுச் சட்டைப்பையில வச்சார். எந்திரிச்சு, "சரி மாப்ள, இறங்குங்க. பின்னாடி முடிச்சைப் போட்டுட்டு இறங்குங்க"ன்னார்.

அந்த மாப்ளயைக் கேட்டப்பத்தான் எனக்கு மூச்சே ஒழுங்கா வந்துச்சு.

பாத்வேக்குக் கையெழுத்து? போடல. நான் சேர்த்த வரிகளை எல்லாம் அடிச்சுவிட்டு, திரும்ப எழுதி, திரும்ப ஓட்டிக் காட்டச் சொன்னார். இந்தத் தடவை ரோஸ்மேரி சிஸ்டரையும் பக்கத்துல உக்கார வச்சுத்தான் எழுதுனேன். போன மாச மெமோவையும் வாபஸ் வாங்குனேன், அவங்க கேக்கல, நானாத்தான். கேன்டீன் மாஸ்டரைக் கால்ல விழாத குறையா கெஞ்சி, வீட்டுக்காரம்மாகிட்ட முன்கூட்டியே சொல்ல வச்சு, படுக்க வச்சோம். சோதனைக் குழு வர்றதுக்குள்ள கையெழுத்து விழுந்துருச்சு.

ஒத்திகை நடந்த அன்னைக்குச் சாயங்காலமே தேன்மொழி போன் பண்ணுச்சு. அதுவரைக்கும் நாங்க போன்ல பேசுனதே இல்ல. நடிச்சீங்களாமேன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். கண்ணையெல்லாம் சொருகுனீங்களாமேன்னுச்சு. மணி அண்ணன் எம்புட்டுத் தூரம் கதையைக் கொண்டுபோயிருக்கார்னு புரிஞ்சுச்சு.

"அப்பா நீங்க நல்லாருக்கீங்கன்னு தாளை நீட்டுற வரைக்கும் நான் சாப்பிடல. அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாதுன்னேன். சரி, கல்யாணத்துக்கு அப்பறம் தலைவலின்னு வந்து படுத்தீங்கன்னா சிஸ்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் நம்புவேன்னு சொல்லிட்டு வச்சுருச்சு.

அடுத்த மாசம் மறு ஒப்புதலுக்கு வந்த தாள், ஆம்பளைங்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். அன்னைக்கு நான் லீவு.